குருதட்சணையும் கட்டணமும்

சமய வகுப்புக்குக் காசு அறவிடலாமா என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுகிறது. ஊரிலிருந்து ஒரு பெரியவரை அழைத்தால் விமானச் சீட்டு, மண்டப வாடகை எல்லாம் உண்டு. அதைச் சங்கம் பொதுவில் ஏற்பது முறையே. போதனைக்கே தலைக்கு இவ்வளவு என்று விலை வைப்பது வேறு சங்கதி.

பிருகதாரணியக உபநிடதத்தில் ஜனக மன்னன், ஒவ்வொரு விளக்கத்தையும் கேட்டு மகிழ்ந்து, யாக்ஞவல்கியருக்கு ஆயிரம் பசுக்கள் தருவதாகச் சொல்கிறான். சீடனுக்கு முழுமையாக உபதேசிக்குமுன் எதையும் பெறலாகாது என்பது தம் தந்தையாரின் கருத்து என்று முனிவர் ஒவ்வொரு முறையும் மறுக்கிறார். தட்சணையை அவர் வெறுக்கவில்லை. முன்பணமாக வாங்க மறுத்தார். (வேலை முடியுமுன் வந்த பணத்தை வருமானமாகப் பதியாதே என்று எமது கணக்கியலும் சொல்கிறது!)

அப்படியானால் செலவுக்கு வழி? அதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலை வேலையை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதன் செலவுக்கு வீடு வீடாகப் பிடியரிசி சேர்க்கப்பட்டது. உலையில் போட எடுக்கும் அரிசியில் ஒரு பிடி. ஏழை வீடும் அதில் பங்குகொண்டது.

இங்கே அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலை செய்ய அனுமதியின்றி இருக்கும் குடும்பங்கள் உண்டு. நான்கு பேருக்கு நுழைவுச்சீட்டு எடுக்க வழியின்றி அவர்கள் வாசலோடு திரும்பினால், உள்ளே நடப்பது யாருக்கான வகுப்பு?

ஆகவே வகுப்பு நடத்த விரும்பும் அன்பர்கள் சீட்டு அச்சிட வேண்டாம். முடிவில் ஓர் உண்டியல் வையுங்கள். வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பற்றாக்குறை வந்தால் அதையும் எழுதுங்கள்.