இஸ்தான்புல் கடைத்தெருவில்

அயல்நாடு செல்வோர் அனைவரும் அங்கிருந்து ஏதேனும் ஒரு பொருளை வாங்கிவர விரும்புவது இயல்பு. துருக்கியிலுள்ள இஸ்தான்புல் நகருக்குச் சென்றால் எவ்வாறு பொருள் வாங்குவது என்பதை இங்குக் காண்போம்.

1453-இல் அந்நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெகமதுவின் காலத்தில் தோன்றியது அங்குள்ள பெரிய சந்தை. கூரையிட்ட தெருக்கள் ஏறத்தாழ 60, கடைகளோ ஆயிரக்கணக்கில். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

முதற்கடையிலேயே வாங்கிவிடாமல் இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரிப்போம். கம்பளத்துக்கும் தோல்பைக்கும் பேரம் பேசுவது அங்கு வழக்கமே. ஆனால் நாம் கேட்ட விலைக்குக் கடைக்காரர் இசைந்தபின் "வேண்டாம்" என்று திரும்புவது முறையன்று. வாங்கும் எண்ணம் இல்லையெனில் விலை கேட்காதிருப்பதே நன்று. அவர் தரும் தேநீர் விருந்தோம்பலே. அதைப் பருகியதற்காக வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கம்பளத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கையால் முடிச்சிட்டதாயின் பின்புறமும் அதே கோலம் தெளிவாகத் தெரியும். ஓரக் குஞ்சமும் பாவுநூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். குஞ்சம் தனியே தைக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. வாங்கியதற்கு ரசீது பெற மறவோம்.

பழங்கால நாணயம், சிலைத்துண்டு முதலியவற்றை எவர் மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது. தொல்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு. அவை அம்மக்களின் முன்னோர் சொத்து அல்லவா?

அயலூரில் நம்மைக் காண்போர் நம் நாட்டையே நம்மில் காண்கின்றனர். பேரத்தில் மிச்சமாகும் சில லிராக்களைவிட, சொன்ன சொல் தவறாமையே நாம் ஈட்டும் பெரும்பொருள்.