எந்த அளவை நம்புவது?

கேள்வி: வைத்தியரிடம் 150/94 காட்டும் என் இரத்த அழுத்தம், வீட்டுக் கருவியில் 130/80 தான் காட்டுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் அந்தந்த க்ஷணத்துக்குச் சரியாகவே இருக்கலாம். இருதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும்போது குழாய்ச் சுவரில் தாக்கும் அழுத்தத்தை மேல் எண்ணும், அது விரிந்து இளைப்பாறும்போது எஞ்சி நிற்பதைக் கீழ் எண்ணும் பாதரச மில்லிமீட்டரில் குறிக்கின்றன. வைத்தியரைக் கண்டதும் எழும் பயமே இவ்விரண்டையும் உயர்த்திவிடுவது சகஜம். ஆதலால், காபி குடித்து அரைமணியாவது கழிந்தபின், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் மௌனமாக அமர்ந்து, சட்டைக் கையின்மேல் அல்லாமல் வெறும் புஜத்தில் பட்டையைச் சுற்றி, அந்தக் கையை இருதய மட்டத்தில் மேஜைமீது வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவையாக ஒரு வாரம் அளந்து குறித்து வாருங்கள். பட்டை புஜத்துக்குச் சிறியதானால் அளவு பொய்யாக ஏறும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் நாளை நீக்கிய சராசரி 135/85-ஐ எட்டாவிட்டால் பெரும்பாலும் கலங்க வேண்டியதில்லை என்றாலும், அந்தக் குறிப்பையும் கருவியையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்து உண்பவரானால் தாமாக நிறுத்தலாகாது. 180/120-ஐத் தாண்டி, மார்வலியோ மூச்சுத் திணறலோ நாக்குழறலோ கண்டால், மறு அளவுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.