சாட்ஸ்வொர்த்: காலையில் தோட்டம், மாளிகை பிற்பகலுக்கு

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கோடையில் வரும் பெற்றோரை ஒரு நாள் வெளியே அழைத்துப்போக டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. 1549-ல் பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கும் அவர் கணவர் சர் வில்லியம் கேவண்டிஷும் வாங்கிய நிலம் அது. பின்னாளில் டெவன்ஷயர் பிரபுக்களான அந்தக் குடும்பத்தின் வீடாக இன்றுவரை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் புறப்படும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: காலையில் தோட்டம், பிற்பகலில் மாளிகை. மாற்றிச் செய்தால் அந்த நாள் வீண்.

இதை எழுதுபவரின் குடும்பத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. குழுவாகப் பேருந்தில் அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளர், யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் காலை நேரத்து மாளிகைச் சீட்டு வாங்கியிருந்தார். "முதல்ல உள்ள பாத்துருவோம், தோட்டம் எங்க ஓடிப்போகுது?" என்றார். மாளிகைக்குள் போனால் அறை அறையாக ஒரே வழியில் நகர வேண்டும். முன்னால் நிற்பவர்கள் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு வழி. வெளியே வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. 105 ஏக்கர் தோட்டத்துக்கு மிஞ்சியது ஒரு தேநீர் நேரம்.

கூட வந்த தந்தை தேனி மாவட்டத்தில் காலமெல்லாம் வாழை போட்டவர். அவர் அங்கே வந்த காரணமே வேறு. "ஏப்பா, அந்த வாழை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். அதற்குள் பேருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் கேட்டது கேவண்டிஷ் வாழையை. 1826-ல் சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர் ஜோசப் பாக்ஸ்டன். சீனாவில் தோன்றி மொரிஷியஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்த ஒரு குட்டை வாழையை வாங்கி, வெப்பமூட்டிய கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். 1835-ல் அது பூத்தது. அடுத்த ஆண்டு நூறு பழங்களுக்கு மேல் தந்தது. எஜமானரான ஆறாம் பிரபு வில்லியம் கேவண்டிஷின் குடும்பப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1830-களின் கடைசியில் ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் இங்கிருந்து கன்றுகளைச் சமோவாத் தீவுக்குக் கொண்டுபோனார். உலகத்துக் கேவண்டிஷ் எல்லாமே சாட்ஸ்வொர்த் கன்றின் வாரிசுகள் என்று சிலர் எழுதுவது மிகை; ஆசியாவில் இந்த இனம் முன்பிருந்தே உண்டு. ஆனால் பனாமா வாடல் நோய் குரோ மிஷேல் ரகத்தைச் சாய்த்தபின் உலகச் சந்தையைப் பிடித்தது கேவண்டிஷ்தான். தேனித் தோட்டங்களில் நிற்கும் ஜி-9 ரகமும் அந்த இனக்குழுவைச் சேர்ந்தது. வாழை விவசாயி ஒருவரை அவ்வளவு தூரம் அழைத்துப்போய், அதைக் காட்டாமல் திரும்பக் கூட்டி வருவது அநியாயம். வெப்பமண்டலச் செடிகள் இருக்கும் கண்ணாடிக் கூடம் எல்லா நாளும் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. எனவே சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்திலும் முதலில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவுக்குக் காலையில்தான் தெம்பு இருக்கும்; பிறகு எல்லாம் இறக்கம். கிரியே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்து 1696-ல் கட்டிய படிக்கட்டு அருவி அங்கே இருக்கிறது. 24 தொகுதிப் படிகளும் ஒன்றுபோல் இல்லை. அதனால் நீர் விழும் ஓசையும் படிக்குப் படி மாறும்படி அமைந்தது. சற்றுத் தள்ளி, பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடி மாளிகை நின்ற இடம். 1840-ல் எழுந்த அதன் நீளம் 84 மீட்டர். எட்டுக் கொதிகலன்கள் அதைச் சூடாக வைத்திருந்தன. நிலக்கரி சுரங்கப் பாதை வழியே வந்தது. 1843-ல் விக்டோரியா ராணி சாரட்டிலேயே உள்ளே போய்ப் பார்த்தார். முதல் உலகப் போரில் நிலக்கரியும் ஆளும் இல்லாமல் செடிகள் மடிந்தன. 1920-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1962-ல் அங்கே யூ மரங்களால் ஒரு புதிர்ப்பாதை நட்டார்கள். குழந்தைகளை விட்டால் திரும்பி வர மனமில்லாமல் ஓடுவார்கள்.

அங்கிருந்து இறங்கினால் நீண்ட குளமும் 'பேரரசர் நீரூற்று'ம். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று எதிர்பார்த்து, 1844-ல் ஆறே மாதத்தில் முடித்த வேலை; விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் தோண்டினார்கள். பேரரசர் வரவேயில்லை. நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது. மேட்டு நிலத்தில் எட்டு ஏக்கர் ஏரி வெட்டி, குழாயில் இறக்கிய நீரின் அழுத்தமே அதை 90 மீட்டர் உயரம்வரை எழுப்பியது. தண்ணீரின் அருமை தெரிந்த எந்த விவசாயியும் அந்த ஏற்பாட்டைப் பார்த்து மெச்சுவார். வறண்ட கோடையில் தண்ணீர் குறைந்துவிடும் என்பதையும் எதிர்பார்த்தே போக வேண்டும். 2018-ல் அப்படி வெயில் காய்ந்தபோது, தெற்குப் புல்வெளியில் 1699-ல் போட்ட பழைய பூம்பாத்திகளின் கோலம் தரையில் தெரிந்தது.

மற்றவை சில. சீட்டை இணையத்தில் வாங்கும்போது மாளிகைக்குப் பிற்பகல் நேரத்தைக் குறிக்க வேண்டும். மழை பெய்தாலும் வரிசையை மாற்ற வேண்டியதில்லை, குடை போதும். அம்மாக்களுக்குச் சேலையோடு போட வசதியாக நல்ல பிடிமானமுள்ள காலணி. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே சரி; சாப்பாட்டு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போகிறவர்கள், திரும்பும் கடைசி வண்டியை முன்பே பார்த்து வைப்பது நல்லது. குளிர்காலத்தில் சில மாதங்கள் மாளிகை மூடியிருக்கும்.

பிற்பகலில் மாளிகைக்கு நேரம் குறைந்துபோனாலும் பெரிய நட்டமில்லை. சுவரையும் கூரையையும் லகேர் என்ற ஓவியர் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையால் நிறைத்த கூடத்தைப் பார்த்துவிட்டு, கதவில் நிஜமாகவே தொங்குவதுபோல் யான் வான் டெர் வார்ட் தீட்டிய வயலின் முன் நிற்க வேண்டும். பிறகு ஆறாம் பிரபு சிற்பி கனோவாவின் பளிங்குச் சிலைகளுக்காகக் கட்டிய கூடம். இந்த மூன்றையும் நிதானமாகப் பார்த்தவர்கள் மீதி அறைகளை நடந்தபடியே கடந்து போகலாம்.