தோட்டத்து மேசையில் ஒரு வானிலைப் படம்

வானிலைப் படம் கீறப் பழகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: ஒரே அமுக்கமுள்ள இடங்களை இணைக்கும் சமவமுக்கக் கோடு. மற்றதெல்லாம் பொறுமையிருந்தால் முடியும். அதனால் மற்றதைச் சுருக்கி, வழுக்குகிற இடத்தை விரித்துச் சொல்கிறேன்.

வேண்டியவை: இலங்கைப் புறவுருவப் படம், மென்மையான பென்சில், நல்ல அழிறப்பர். பேனையைத் தொடாதீர்கள்.

1. நேரத்தை முதலில் எழுதுங்கள். காலை 8.30 நல்ல நேரம். மழைமானி பார்க்கிற நேரமும் அதுதான்.

2. நிலையங்களைப் பதியுங்கள். இரத்தினபுரி, கொழும்பு, காலி, அம்பாந்தோட்டை, புத்தளம், திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். வானத்தில் எட்டில் எத்தனை பங்கு முகிலோ, வட்டத்தில் அவ்வளவு கறுப்பு. இடது மேலே வெப்பநிலை, இடது கீழே பனிபடுநிலை, வலது மேலே அமுக்கத்தின் கடைசி மூன்று இலக்கம். 084 என்றால் 1008.4 மில்லிபார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தண்டு நீள வேண்டும். வேகத்துக்குத் தண்டில் போடும் குட்டை இறகு 5 நொட், நீண்ட இறகு 10.

3. அமுக்கத்தைச் சரிபாருங்கள். வழுக்கல் இங்கேதான். ஒரு பிள்ளை நுவரெலியாக் கருவி காட்டிய 810 சொச்சத்தை அப்படியே எழுதி, தீவின் நடுவில் உலகம் காணாத சூறாவளி ஒன்றை உருவாக்கிவிட்டாள். அது தாழமுக்கம் அல்ல, மலையின் உயரம். தாழ்நிலத்தில் ஏறக்குறைய 8 மீற்றர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். ஆகவே எல்லா அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே பதிய வேண்டும். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கணக்குப் போட்டு இறக்கும் எண்ணை நம்பிக் கோடு கீறக்கூடாது. அங்கே வெப்பநிலையையும் காற்றையும் மட்டும் எழுதுங்கள். உயரத்திலுள்ள பண்டாரவளை, தியத்தலாவை எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொரு பொறி: நம் பக்கத்தில் அமுக்கம் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், பின்னேரம் நாலு மணி வாக்கில் இறக்கம். இடைவெளி ஏறக்குறைய 3 மில்லிபார். பல நாட்களில் யாழ்ப்பாணத்துக்கும் காலிக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவு வராது. ஒரு நிலையத்தின் 8.30 எண்ணையும் இன்னொன்றின் மத்தியான எண்ணையும் கலந்தால் இல்லாத தாழமுக்கம் பிறக்கும். அமுக்கம் உண்மையிலேயே இறங்குகிறதா என்று அறிய, நேற்று இதே நேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். குறுக்குவழி இது ஒன்றுதான்.

4. கோடு கீறுங்கள். ஐரோப்பியப் படங்களில் 4 மில்லிபாருக்கு ஒரு கோடு. இங்கே அப்படிக் கீறினால் படம் வெறுமையாகக் கிடக்கும். 1 மில்லிபாருக்கு ஒன்று போதும். கரையோர நிலையங்களில் தொடங்கி உள்ளே வாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது, நடுவழியில் முடியாது. ஒரே ஒரு நிலையத்துக்காகக் கோடு நெளிந்தால் எண்ணைச் சந்தேகியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடது கைப்பக்கம் அமுக்கம் குறைவு என்பது விதி. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அது தளர்ந்த விதி. பள்ளத்தாக்குக்குள் பயன்படவே படாது.

5. மழையைக் கோடுகளின் மேலே எழுதுங்கள். நம் சப்ரகமுவவுக்கு மழை இல்லாத படம் அரைப் படம். தென்மேல் பருவக்காற்று சிவனொளிபாதமலைச் சரிவில் மோதி ஏறுவதைச் சமவமுக்கக் கோடு காட்டாது. இரத்தினபுரிக்கு ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைப்பதில் பெரும் பங்கு அந்த ஏற்றத்துக்குத்தான். தோட்ட மழைமானிகளின் அளவைச் சிவப்புப் பென்சிலால் எழுதி, ஒத்த அளவுகளைக் கோட்டால் இணையுங்கள்.

இந்தச் சிவப்பு எண்கள் படத்துக்கு மட்டுமல்ல. 2016 மே 17இல் கனமழையில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் லயங்களும் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். உங்கள் சிவப்பு எண் 75ஐத் தொட்டுவிட்டால் கோட்டை அழகுபடுத்திக்கொண்டிருக்காதீர்கள். பென்சிலை வைத்துவிட்டு, மேட்டு லயத்தாருக்குச் சொல்லப் போங்கள்.