சிறு பிள்ளைகளுடன் அருவி காணச் செல்லுதல்: ஏற்ற நடைபாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறை நாட்களில் நீல மலைத்தொடரின் அருவிகளைக் காணச் செல்கின்றன. குற்றாலம் போன்ற இடங்களில் அருவியில் நீராடி வளர்ந்தோர்க்கு ஒரு வேறுபாடு முதலில் புலப்பட வேண்டும். இங்குள்ள அருவிகள் பெரும்பாலும் பாறைச் சரிவின் விளிம்பிலிருந்து விழுவன. பார்வை மேடையில் நின்று காண்பதற்கு உரியன. ஆகவே, அருவியின் அழகைவிட அதை அடையும் வழியே குடும்பத்தின் தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

தர எண்ணை அறிதல்

ஆஸ்திரேலியாவில் நடைபாதைகள் 1 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகின்றன. தரம் 1 என்பது படிகளற்ற சமதளப் பாதை. உதவியுடன் சக்கர நாற்காலியும் செல்லக்கூடியது. தரம் 2-இல் மென்மையான ஏற்றங்களும் இடையிடையே சில படிகளும் உண்டு. தரம் 3-இல் குறுகிய செங்குத்து ஏற்றங்களும் கரடுமுரடான தரையும் பல படிகளும் இருக்கும். தரம் 4, 5 ஆகியவை அனுபவமுடையோர்க்கே உரியவை. தள்ளுவண்டியில் செல்லும் குழந்தைக்குத் தரம் 1-உம், நடக்கப் பழகிய சிறு பிள்ளைக்குத் தரம் 2-உம் ஏற்றவை.

தூரம் மட்டும் போதாது

மலையேற்றத்தில் கடினமான பகுதி முதலில் வரும். களைத்த பின் இறங்குவது எளிது. அருவி நடையிலோ இது தலைகீழாகும். உற்சாகத்துடன் படியிறங்கிச் சென்ற பிள்ளை, திரும்பும் வேளையில் களைத்து நிற்கும். அப்போது அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியவர் பெற்றோரே. எனவே ஒரு கிலோமீட்டர் சமதளத்தைவிட, இருநூறு படிகள் கொண்ட குறும்பாதை கடினமாகலாம். அறிவிப்புப் பலகையில் உள்ள நேரத்தை இருமடங்காகக் கணக்கிட்டு, இருட்டுமுன் திரும்பத் திட்டமிடுவது நலம்.

சில எடுத்துக்காட்டுகள்

மோர்ட்டன் தேசியப் பூங்காவிலுள்ள ஃபிட்ஸ்ராய் அருவி சுமார் 80 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பார்வையாளர் மையத்திலிருந்து முதல் பார்வை மேடை வரை எளிய பாதை இருப்பதால், தள்ளுவண்டியுடன் வருவோர்க்கும் முதியோர்க்கும் உகந்தது. லூரா அருவித்தொடரில் உணவருந்தும் இடத்தின் அருகிலேயே ஓடை படிப்படியாக விழுவதைக் காணலாம். வென்ட்வர்த் அருவியிலோ மேலுள்ள பார்வை மேடைகளுடன் நிறுத்திக்கொள்வது நன்று. அடிவாரத்துக்குச் செல்லும் வழி செங்குத்தான படிகள் நிறைந்தது.

மழையும் பாறையும்

மழைக்குப் பின் அருவி பெருகும். அப்போதுதான் மணற்பாறை வழுக்கும், பாறைகளும் சரியும். பாதைகள் முன்னறிவிப்பின்றி மூடப்படுவதுண்டு. கடும் தீ அபாய நாட்களில் பூங்காக்களும் மூடப்படலாம். புறப்படும் நாளன்று காலையில் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் அறிவிப்புகளைப் பார்ப்பது இன்றியமையாதது. பாதுகாப்பு வேலியைத் தாண்டிப் படம் எடுப்பதையும், அருவியின் மேல்விளிம்பில் ஓடும் நீரில் இறங்குவதையும் ஒருபோதும் அனுமதிக்கலாகாது. விளிம்புக்கு அருகில், ஒவ்வொரு சிறு பிள்ளையின் கையையும் ஒரு பெரியவர் பற்றியிருக்க வேண்டும்.

உதவி தேவைப்பட்டால்

பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் உறவினர் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். ஆபத்தில் 000-ஐ அழைத்து, தேவைப்படும் சேவையைக் கூறியபின் “தமிழ்” என்றால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். ‘எமர்ஜென்சி பிளஸ்’ செயலி, நிற்கும் இடத்தின் துல்லிய அமைவிடத்தைக் காட்டும்.

புறப்படுமுன் சரிபார்க்க

• பாதையின் தரம், படிகள், கழிப்பறை வசதி
• வானிலை, பாதை மூடல் அறிவிப்பு
• குடிநீர், சிற்றுண்டி, தொப்பி, மாற்றுடை
• வழுக்காத அடிப்பகுதியுள்ள மூடிய காலணி, செருப்பு கூடாது
• முதலுதவிப் பெட்டி. பாம்புக்கடிக்கான அழுத்தக் கட்டுத்துணி

பாதி வழியில் பிள்ளை களைத்துவிட்டால் அங்கிருந்தே திரும்புவது குறையன்று. அருவி அங்கேயே இருக்கும். அடுத்த ஆண்டு பிள்ளையின் கால்கள் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.