பழைய சன்னலை மாற்றுவோம், வீட்டு வெப்பத்தைத் தணிப்போம்

பொழுது புலரும் முன்னரே எழுந்து பால் வெட்டச் செல்பவர்கள் நாம். காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். இவ்வாறு உழைத்துத் திரும்பும் நாம் கண்ணயர விழைவது நண்பகலுக்குப் பின்னரே ஆகும். ஆனால், தகரக் கூரையின் கீழ் வீடு கொதிப்பதும் அதே வேளையில்தான். ஓய்வு கெட்டால் மறுநாள் உழைப்பும் கெடும். ஆதலின், வீட்டுச் சன்னலைப் பற்றிச் சிந்திப்பது ஆடம்பரம் அன்று.

வெப்பம் எவ்வாறு உள்ளே வருகின்றது? வெயில் கண்ணாடியை ஊடுருவிச் சென்று தரையையும் சுவரையும் சூடாக்குகின்றது. அவ்வெப்பம் மீண்டும் கண்ணாடி வழியே எளிதில் வெளியேறுவதில்லை. உட்புறம் திரை தொங்கவிட்டால் ஓரளவே பயன் உண்டு. ஏனெனில், வெப்பம் முன்னரே வீட்டினுள் புகுந்துவிட்டது. எனவே, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தல் வேண்டும். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் கதிரவன் தாழ்ந்து நின்று சன்னலுக்குள் நேரே பாய்கின்றான். வடக்கு, தெற்குச் சன்னல்களுக்குச் சிறிய இறவாரமே போதும். மேற்குச் சன்னலுக்கோ அகன்ற பந்தல், மூங்கில் தட்டி அல்லது நிழல்தரும் மரம் தேவை.

அடுத்தது காற்றோட்டம். ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லை. எதிர்ச் சுவரிலும் திறப்பு இருத்தல் வேண்டும். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. ஆகவே, சுவரின் மேற்பகுதியிலும் காற்றுத் துளைகள் இருப்பது நலம். துருப்பிடித்துத் திறக்க இயலாத சன்னலும், கொசுவுக்கு அஞ்சி நாள் முழுதும் மூடிய சன்னலும் சுவருக்கு ஒப்பானவையே. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும். ஆதலால், புதிய சன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் பொருத்துதல் இன்றியமையாதது.

மின்செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மேல்விசிறி ஏறத்தாழ 70 வாட் மின்சாரம் கொள்ளும். 1 குதிரைத் திறன் குளிரூட்டி முழுவிசையில் ஓடினால் ஏறத்தாழ 750 வாட் கொள்ளும். நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால், 30 நாளில் விசிறிக்கு ஏறத்தாழ 10 யூனிட், குளிரூட்டிக்கோ ஏறத்தாழ 112 யூனிட். நிழலும் காற்றும் வாய்த்த அறைக்கு விசிறியே பெரும்பாலும் போதும்.

குளிரூட்டி உள்ள அறையில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய சன்னல் ஏற்றதன்று. மூடினாலும் இடுக்கு இருக்கும். சன்னலருகே ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை அலைந்தால் காற்றுக் கசிவு உண்டென அறியலாம். அங்கு இறுக மூடும் சன்னல் தேவை. குளிரூட்டி இல்லாத அறைக்கோ அப்பட்டைச் சன்னலே காற்றுக்கு உகந்தது; உடைந்த பட்டையை மட்டும் மாற்றினால் போதும். குளிர்நாடுகளில் பொருத்தும் விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடிக்குக் கடன்படல் வேண்டா.

தோட்ட வீட்டில் வாழ்வோர், சன்னல் பழுதைத் தம் கைப்பணத்தில் சரிசெய்யுமுன் நிருவாகத்திடம் எழுத்து வழி தெரிவித்தல் வேண்டும். தொழிலாளர் குடியிருப்பை நன்னிலையில் பேணுவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வகுத்துள்ளது. சொந்த வீடு உடையோர், உறங்கும் அறையின் மேற்குச் சன்னலிலிருந்து தொடங்குவார்களாக. முதலில் நிழல், பின்னர் காற்று, இறுதியிலேயே புதிய கண்ணாடி என்பதை நாம் மறத்தலாகாது.