மாள்வதா, மீள்வதா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மாண்ட வீரனைத் தெய்வமாக்கி வணங்குதல் இப்பக்கத்து வழக்கம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் கதையையும், 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறிய கட்டபொம்மன் கதையையும் தென்பாண்டி மக்கள் விடிய விடியக் கேட்டனர். இவ்வழக்கில் வளர்ந்த நெஞ்சம், அறிவியற் கதைத் தலைவனும் இறுதியில் உயிர்துறப்பதையே விரும்பும்.

2010-இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தில் சிட்டி என்னும் இயந்திர மனிதன், நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறான். காண்போர் கண்கலங்குவர். தன்னால் விளையும் கேட்டைத் தடுக்க வேறு வழியில்லாத இடத்தில் அம்முடிவு பொருந்தும். கதையை முடிக்க வகையறியாத ஆசிரியன் தலைவனைக் கொல்வானாயின், அதனைத் தியாகம் என்பது தகுமா? மேலும், அறிவியல் சான்று கேட்கும். மாண்டவன் சான்று கூற வாரான். மழை பொய்த்த ஆண்டிலும் விதைத் தானியத்தைக் காத்து வைக்கும் கரிசல் உழவன், பிழைத்திருத்தலின் அருமையை நன்கறிவான்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய கதையில் மூவர் பீரங்கிக் குண்டினுள் அமர்ந்து திங்களை நோக்கிச் சென்றனர். அவர்கள் கதி யாதென்று கூறாமலே அந்நூல் முடிந்தது. பின்னர் வந்த தொடர்ச்சியில் குண்டு பசிபிக் மாகடலில் வீழ்ந்தது. தேடிச் சென்றோர் அதன் சாளரத்தின் வழியே அஞ்சியவாறு நோக்கினர். உள்ளே மூவரும் கட்டைகளை அடுக்கி டாமினோ ஆடிக்கொண்டிருந்தனர்!